எஸ்தர் கேட்கப்போகும் பாட்டு

பாளையங்கோட்டையில் வேதமுத்து என்றொரு மாட்டு டாக்டர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்குப் பாட்டுக் கட்டும் ஆசை வந்தது. அதற்குக் காரணம் அவர் மனைவி எஸ்தர். குவைத்தில் நர்ஸாக இருந்த எஸ்தர், வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப் போவதாகப் போனில் சொன்னாள். வந்து இறங்கும் அன்று அவளுக்குப் போட்டுக் காட்ட, தானே எழுதித் தானே பாடிய ஒரு பாட்டு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

எஸ்தருக்குப் பாட்டு செய்வது லேசான காரியம் இல்லை. அவள் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டு டிவியில் யாராவது சுருதி பிசகினால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

அதனால் வேதமுத்து ஷரீபாவிடம் போய்ச் சேர்ந்தார். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள் ஷரீபா. அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்க சார்" என்றாள்.

"கத்துக்கிட வந்த இடத்துல பேர் சொல்ல வாய் வராது டீச்சர்" என்றார்.

மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, எதிரொலியை எப்படி அடக்குவது என்றெல்லாம் கற்றுக்கொண்டார். வீட்டுப் படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்து, எஸ்தரின் சேலைகளைப் பார்த்துக்கொண்டே பாடினார். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று ஷரீபா சொல்லியிருந்தாள். புல்லாங்குழல், தபலா, வயலின் எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துச் சேர்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் பென் டிரைவ்.

"முடிச்சிட்டேன் டீச்சர். ஒரு தடவை கேட்டுட்டு, சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க. ராவும் பகலும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"எனக்குக் கண்ணே கலங்கிருச்சு."

ஷரீபா சிரித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டு ஓடும்போது நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

"பேசலை. ஆனா ஆரம்பத்துல புல்லாங்குழல் எதுக்குன்னா..."

"எஸ்தர் அக்கா கேக்கும்போதும் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லுவீங்களா?"

ஷரீபா அந்தப் பக்கம் திரும்பி முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். பாட்டை ஓடவிட்டாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை ஸ்பீக்கர் மேல் வைத்து அசையாமல் இருந்தாள்.

பல்லவி வந்தது. வேதமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அந்தப் புல்லாங்குழல் அவருக்கே தொந்தரவாக இருந்தது. அவர் பாடுகிற வார்த்தை எதையும் அது வெளியே விடவில்லை. வீட்டில் இது தெரியவே இல்லையே என்று நினைத்தார். முதல் சரணத்தில் தபலா ஒரு பக்கம் ஓட, அவர் குரல் பின்னால் ஓடியது. இடையில் வயலின் ஏன் வருகிறது என்று அவருக்கே புரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷரீபா கையை உயர்த்தினாள். பாட்டு முடிவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்று பொரிந்து தள்ளினார். "புல்லாங்குழல் வார்த்தையைத் தின்னுது. தபலா முந்துது. வயலின் வேண்டவே வேண்டாம். இவ்வளவு வாத்தியத்தையும் கொண்டு வந்து என் குரலை நானே மூடி வச்சிருக்கேன். இவ்வளவு நேரமும் பொறுமையாக் கேட்டீங்களே."

ஷரீபா முக்காட்டுக்குள் கையை விட்டு, இரண்டு காதிலிருந்தும் பஞ்சு அடைப்பை உருவி எடுத்தாள்.

"இப்ப சொல்லுங்க சார். என்ன சொன்னீங்க?"

வேதமுத்து அந்தப் பஞ்சையே பார்த்தார்.

"நீங்க பாட்டைக் கேக்கலையா?"

"இல்ல."

"பின்ன எதுக்குப் பக்கத்துல உக்காந்தீங்க?"

"நான் உக்காந்ததும் உங்களுக்குக் கேட்டுச்சுல்லா?"

வேதமுத்து சிரிக்க ஆரம்பித்தார். கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் மாடுகளைச் சீக்கிரம் சீக்கிரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஷரீபா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். சமையற்கட்டிலிருந்து கேட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்கக் குற்றம் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் களைந்தார். வயலினைத் தூக்கினார், தபலாவை அடக்கினார், மூச்சுச் சத்தத்தை வெட்டினார், சுருதி விலகிய இடங்களைக் கம்ப்யூட்டரிலேயே இழுத்து நேராக்கினார். எஸ்தர் வருவதற்கு முந்தின நாள் மறுபடி படியேறினார்.

"இனி இதுல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். நீங்களே பாருங்க."

இந்தத் தடவை ஷரீபா முக்காட்டை விலக்கி, காது வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு மாட்டைக் கொண்டு வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"கிட்டயே போக மாட்டேன். எட்ட நின்னு பாப்பேன்."

"எதை?"

"காதை ஆட்டுதா, ஈயை விரட்டுதா, அசை போடுதான்னு. அதெல்லாம் இருந்தா பாதிக் கவலை போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் எங்க வலின்னு தேடுவேன்."

ஷரீபா பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"இதுல எது அசை போடுது சார்?"

வேதமுத்து குனிந்து கேட்டார். எல்லா வார்த்தையும் தெளிவாக இருந்தது. தாளம் அதன் இடத்தில் இருந்தது. குரல் கழுவித் துடைத்தது போல இருந்தது. யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் முகம் மெல்ல மாறியது.

"ஒண்ணு இருந்துச்சு டீச்சர். ரெண்டாவது சரணத்துல, 'கதவு'ன்னு ஒரு வார்த்தை வரும். பாடும்போது பீரோவுல அவ கல்யாணச் சேலை கண்ணுல பட்டுருச்சு. தொண்டை அடைச்சு, சுருதி இறங்கிப்போச்சு. தப்புன்னு நேத்துதான் நேராக்கினேன்."

"பழசு இருக்கா?"

"இருக்கு. எதையும் அழிக்காதீங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க. நான் டீ வாங்கிட்டு வாரேன்" என்று ஷரீபா படியிறங்கிப் போனாள். அவசரப்படாமல்தான் திரும்பி வந்தாள்.

மறுநாள் எஸ்தர் வந்தாள். பெட்டிகளைத் திறப்பதற்கு முன்னாலேயே வேதமுத்து பாட்டைப் போட்டார். அவள் நின்றபடி கேட்டாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவரை அன்றைக்கு வேறு எதுவும் பேசவிடவில்லை, குவைத் கதையாகச் சொல்லித் தீர்த்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பேரீச்சம்பழப் பெட்டியோடு அவரையும் அழைத்துக்கொண்டு டயர் கடை மாடிக்கு வந்தாள்.

"உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன். பாட்டு அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. 'கதவு'ங்கிற இடத்துல இவங்க சுருதி இறங்கிட்டாங்களே, நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன் அக்கா."

"பின்ன ஏன் விட்டீங்க? இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிரலாமாமே."

"சரி பண்ணித்தான் கொண்டு வந்தாங்க. நான் டீ வாங்கிட்டு வாரதுக்குள்ள பழசைத் திரும்ப வச்சிருந்தாங்க. 'சார், அக்கா காதுக்கு இது தெரிஞ்சிரும்'னு சொன்னேன்."

வேதமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?" என்றாள் எஸ்தர்.

"'தெரியட்டும்'னாங்க. நான் கம்ப்யூட்டரை அணைச்சிட்டேன்."