சிரிக்க வைத்த எருமை

கரட்டுக்காட்டின் நடுவில் ஒரு குட்டை. அதில் ஓர் எருமைக் கூட்டம். கூட்டத்துக்கு மூத்தது காரி. அதன் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி. அதனால் பெயர் சுட்டி. பக்கத்துப் புதரில் ஒரு காட்டுப்பன்றி. சுற்றிலும் வெயிலும் உடைமுள்ளும்தான். வேறு யார் வருவார்கள்?

அந்தக் குட்டையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதல் வாய் தண்ணீர் வந்தவருக்கு. அவர் குடித்து முடிக்கும்வரை எருமைகள் கரையில் நிற்கும். வந்தவர் ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்வதும் கிடையாது.

ஒருநாள் ஒரு நரி வந்தது. அதன் முதுகில் ஒரு மைனா. காரி விலகி நின்றது. நரி வயிறு முட்டக் குடித்தது. வாயை நக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

“அக்கா, நான் ஊரோரத்துப் பூந்தோட்டத்துலேருந்து வர்றேன். அங்கே மயில், மான், வாத்து எல்லாம் இருக்கு. ஒருத்தருக்கும் ஒரு வேலை கிடையாது. சாயங்காலமானா பொழுது போகல. காட்டுல இருக்கறவங்க எப்படி வாழறாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்க. இந்த மைனா காதுல விழுந்ததை அதே குரல்ல திருப்பிச் சொல்லும். நீ பேசு, போதும்!”

“எங்களைப் பத்திப் பேச என்ன இருக்கு?”

“நிஜம் இருக்கு அக்கா! அதுதான் வேணும்!”

காரிக்கு மனம் குளிர்ந்தது. அதுவரை யாரும் அதை ஒரு கேள்வி கேட்டதில்லை.

“உச்சி வெயில்ல என்ன செய்வீங்க?” என்றது நரி.

“சேத்துல படுத்துப் புரளுவோம். தோல் வெடிக்காது. ஈ அண்டாது.”

“ஓநாய் வந்தா?”

“கன்னுகளை நடுவுல விட்டுட்டுச் சுத்தி நிப்போம். கொம்பெல்லாம் வெளியே பார்த்திருக்கும். யாரு பெத்த கன்னுன்னு பார்க்க மாட்டோம்.”

“கூட்டத்துல ஒண்ணு செத்துப்போனா?”

“அன்னிக்கு யாரும் மேய மாட்டோம். அந்த இடத்து மண்ணை மோந்துக்கிட்டு நிப்போம்.”

நரி கொட்டாவி விட்டது.

“சரி, சரி. அந்தச் சேத்துல புரளறதை ஒரு தடவை செஞ்சு காட்டு. அப்புறம் அந்த உடைமரத்துல தலையால மோது. மோதும்போது ‘ஐயோ’ன்னு கத்து!”

“மரத்துல எதுக்கு மோதணும்?”

“எருமையோட பலம் அவங்களுக்கும் தெரியட்டுமே!”

புதரிலிருந்து பன்றி உறுமியது. “ஏ காரி! உன் மண்டை உனக்குப் பாரமா இருக்கா? அவன் சொன்னா செஞ்சுடறதா?”

“வந்தவன் கேக்கறான். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

காரி புரண்டது. எழுந்து போய் மரத்தில் மோதியது.

“இன்னும் வேகமா, அக்கா! மெதுவா மோதினா சிரிப்பு வராது!” என்றது நரி.

அந்தச் சொல் காரியின் காதில் விழுந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மறுபடி மோதியது. கொம்படியில் தோல் உரிந்தது.

அன்று மாலை தோட்டத்தில் நடந்தது காரிக்குத் தெரியாது. நரி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது.

“ஓநாய் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டது.

“சேத்துல படுத்துப் புரளுவோம்” என்றது மைனா, காரியின் குரலில்.

“கூட்டத்துல ஒண்ணு செத்துப்போனா?”

“சேத்துல படுத்துப் புரளுவோம்.”

நரி புல்லில் புரண்டு காட்டியது. மரத்தில் மோதுவதுபோல் பாய்ந்து ‘ஐயோ’ என்று கத்தியது. வாத்துகள் சிரித்துச் சிரித்துக் கவிழ்ந்தன.

“இப்படியும் இருப்பாங்களா!” என்றது மான்.

“அவங்க வாயாலயே சொல்றாங்களே! மைனாவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?” என்றது மயில்.

தெரியாதுதான். அது சொன்ன ஒவ்வொரு சொல்லும் காரி சொன்னதுதான். நரி கேள்வியை மட்டும் மாற்றியது. ஆட்டம் முடிந்ததும் நரிக்கு முட்டை கிடைத்தது. மைனாவுக்குப் பழம். தினமும் இதே ஆட்டம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டை வற்றி, சேறு வெடித்து, ஓடு ஓடாய்ப் பெயர்ந்தது. சுட்டியின் நாக்கு தொங்கிவிட்டது.

“தோட்டத்துக்குப் போவோம்” என்றது காரி. “அங்கே வத்தாத குளம் இருக்காம். மைனா வாயால நம்ம பேச்சைக் கேட்டவங்க. நம்மை நல்லாத் தெரிஞ்சவங்க.”

“போ. நான் வரலை” என்றது பன்றி.

தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. உள்ளே போக ஒரே வழி. அதை அடைத்துக்கொண்டு வாத்துகள் நின்றன. காரி ஒரு முட்டு முட்டியிருந்தால் வேலி போயிருக்கும். முட்டவில்லை. அடுத்தவர் தண்ணீர். கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

“காரி வந்தாச்சு! நிஜக் காரி!” என்று வாத்துகள் கூவின. தோட்டமே ஓடி வந்தது.

“என் கன்னுக்குத் தண்ணி வேணும்” என்றது காரி.

சிரிப்பு.

“அதே குரல்! அப்படியே மைனா மாதிரியே பேசுது!” என்றது மான். “எங்கே, புரண்டு காட்டு!”

“மரத்துல மோது! அந்த வேப்பமரத்துல மோது!”

“அம்மா, தாயே, கன்னு நிக்க மாட்டேங்குது. ஒரு வாய்த் தண்ணி குடுங்க. நாங்க வெளியிலயே நிக்கறோம்.”

“குளத்துல விட்டா சேறாக்கிடும்” என்றது மயில். “கூட்டத்துல ஒண்ணு செத்தாலே புரளறவங்களாச்சே!”

காரிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, கல்லின் மேல் நரியைப் பார்த்தது. அதன் முதுகில் மைனாவைப் பார்த்தது. புரிந்தது.

“மைனா, நான் சொன்னதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்குமே! முழுசையும் சொல்லு!”

“வாயைத் திறந்தா, இனிமே பழம் கிடையாது” என்று நரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. மைனா தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது.

அப்போது சுட்டியின் முன்னங்கால்கள் மடங்கின. கன்று தலை குப்புற விழுந்தது.

தோட்டம் குலுங்கச் சிரித்தது. “கன்னுக்கும் பழக்கியிருக்காங்க, பாரு!”

சுட்டி எழவில்லை. காரி மூக்கால் தள்ளிப் பார்த்தது. நக்கிப் பார்த்தது. அப்போதும் சிரித்தார்கள்.

மைனா பறந்து வந்து வேலியின் மேல் உட்கார்ந்தது. பேசியது. காரியின் குரலில், கன்றுகளைச் சுற்றி நிற்பதைச் சொன்னது. மண்ணை மோந்து நிற்பதைச் சொன்னது. பிறகு நரியின் குரலில், “இன்னும் வேகமா, அக்கா! மெதுவா மோதினா சிரிப்பு வராது!” என்றது.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மான்தான் முதலில் விலகியது. “வழி விடுங்க! வழியை விடுங்க!” என்று வாத்துகளை முட்டித் தள்ளியது. வாய் நிறையத் தண்ணீர் எடுத்து வந்து கன்றின் வாயில் விட்டது.

தண்ணீர் வெளியே வழிந்தது.

அன்று எருமைகள் ஒன்றும் மேயவில்லை. வேலியோரத்து மண்ணை மோந்துகொண்டு நின்றன. குளம் திறந்தே கிடந்தது. இருட்டும்வரை யாரும் போய்க் குடிக்கவில்லை. அதைத் தோட்டம் முழுவதும் பார்த்தது. இரண்டு நாள் கழித்து மயில், “என்னமோ, பழைய காரிதான் பொழுதுபோக்கா இருந்துது” என்றது. அப்படிச் சொல்லவும் அங்கே ஓர் ஆள் இருந்தது.

மழை வந்தது. குட்டை நிறைந்தது. ஒருநாள் மறுபடி நரி வந்தது. மைனா அதை விட்டுப் போய்விட்டது. முதுகில் இப்போது ஒரு கிளி.

காரி விலகி நின்றது. நரி முதல் வாய் குடித்தது. குடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசியது.

“அக்கா, நடந்தது நடந்துபோச்சு. இந்தத் தடவை கேலி இல்லை. உன் துக்கத்தைச் சொல்லு. கன்னு விழுந்தப்போ எப்படி இருந்துது? சொல்லு அக்கா, தோட்டமே அழும்!”

புதரில் பன்றி எழுந்து நின்றது. காரி அதைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தது. மற்ற எருமைகளை ஒரு பார்வை பார்த்தது. அவை வந்து கன்றுகளைச் சுற்றி நின்றன. கொம்பெல்லாம் நரியைப் பார்த்திருந்தன.

“தண்ணி குடிச்சாச்சுல்ல?” என்றது காரி. “கிளம்பு.”

பிறர் வாழ்க்கையைத் துண்டு போட்டுக் காட்டுகிறவனை நம்பிச் சிரித்துப் பழகியவன், அவர்கள் கண்ணெதிரே அழும்போதும் சிரித்துக்கொண்டுதான் நிற்பான்.