பெண்ணை எப்படிப் பார்ப்பது?

கோவில்பட்டியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் உருப்படாமல் வந்தவர்கள் பலர் உண்டு. ஆவுடையப்பன், கொம்பையா, செண்பகராஜ் மூன்று பேரும் படித்ததை அப்படியே நம்பியவர்கள். அங்கேதான் வினை.

சேர்ந்து பதினோரு நாள்கூட ஆகவில்லை, செண்பகராஜுக்குப் பெண் பார்க்கும் நாள் வந்துவிட்டது. வயது முப்பத்தாறு. ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஆளை விடுங்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் ஆவுடையப்பன் நோட்டைத் திறந்தான்.

"தமிழ்ல எல்லாத்துக்கும் பாக்கிறதுதாம்லே. இங்கிலீஷ்ல மூணு இருக்கு. தானா கண்ணுல விழுந்தா ஸீ. நாமளா கண்ணைத் திருப்பினா லுக். அசையிறதையே விடாம பாத்தா வாட்ச். பொண்ணை எப்படிப் பாக்க?"

"வாட்ச் வேண்டாம். அது வாட்ச்மேன் பாக்கிறது," என்றான் கொம்பையா. "லுக்கு விடுறதும் அசிங்கம்."

"அப்ப ஸீதான் மரியாதை," என்றான் மாப்பிள்ளை.

பெண் உமையாள் காபித் தட்டோடு வந்தாள். செண்பகராஜ் எதிர்ச்சுவர்க் காலண்டரை விட்டுக் கண்ணை அசைக்கவில்லை. டம்ளரைத் தடவித்தான் எடுத்தான். பாதிக் காபி வேட்டிக்குப் போனது.

"பொண்ணைப் பாத்தீகளா தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"இன்னும் விழலை மாமா."

அவர் பதறிப்போய்த் தரையைப் பார்த்தார்.

"காலண்டருக்குக் கீழ நிக்கச் சொல்லுங்க, தானா விழும்," என்று கொம்பையா வழி சொன்னான்.

நல்ல மனுஷன், மகளை நிற்கவைத்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செண்பகராஜ் சொக்கிப்போனான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டான்.

மகள் உள்ளே போனதும் அப்பாவும் பின்னாலேயே போய்விட்டு வந்தார். "தப்பா நினைக்காதீக. பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலையாம்."

செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவுடையப்பன் அசரவில்லை. நோட்டைப் புரட்டினான்.

"பிடிக்கிறதுல ரெண்டு இருக்குலே. கையில இருக்கிறதைப் பிடிச்சா ஹோல்டு. ஓடுறதைப் பிடிச்சா கேட்ச்."

"ஹோல்டு தாலி கட்டினப்புறம்தான்," என்றான் கொம்பையா. "கேட்ச்னா இவன் ஓடணும். பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா அந்தப் பிள்ளை எப்படிப் பிடிக்கும்?"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளை செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினான். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். கடைத்தெருவைத் தாண்டினார்கள். பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டது.

"வாராளாலே?" என்று கேட்டான் செண்பகராஜ், அழாத குறையாக.

கொம்பையா திரும்பிப் பார்த்தான். தெரு காலியாகக் கிடந்தது.

"கொஞ்சம் மெதுவா ஓடுலே," என்றான். "அவ பட்டுச்சேலை கட்டியிருக்கால்லா."