சடகோபனின் சர்வ்

அடுக்ககத்தில், டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஜெஸிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சடகோபனுக்கு அறுபத்திரண்டு. தாடியும் அவருக்குத்தான்.

"ஆட்டமெல்லாம் எனக்கு வேண்டாம் மேடம். சர்வ் மட்டும் சொல்லிக்குடுங்க. எதிர்ல நிக்கிறவன் ஆடிப்போகணும்."

"எதிர்ல யாரு?"

"நம்ம அசோசியேஷன் செக்ரட்டரி மாசிலாமணி. போட்டியில யாருக்கு யார்னு சீட்டு எடுத்தாங்க. முதல் ஆட்டமே அவர்கூடத்தான்."

ஜெஸிந்தா மேற்கொண்டு கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆறு மாதத்துக்கு முன்பு சடகோபனின் மனைவி வனஜா மூச்சுத்திணறி விழுந்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வாசலில் செக்யூரிட்டி அதை நிறுத்திவிட்டான். வெளி வண்டி எதுவானாலும் செக்ரட்டரி போனில் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட வேண்டும். மாசிலாமணி போட்ட விதி அது. அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். வண்டி உள்ளே வந்தபோது வனஜா உயிரோடு இல்லை.

முதல் நாள் சடகோபன் அடித்த பந்துகள் எல்லாம் வலையில் போய் மோதின.

"மட்டையை ஏன் சார் இப்படி நெரிக்கிறீங்க? பல் தேய்க்கிற பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பீங்க? அப்படிப் பிடிங்க."

"அப்போ பலம் எங்கேருந்து வரும்?"

"கையிலேருந்து வராது. பின்னங்கால்ல ஆரம்பிச்சு, இடுப்பு திரும்பி, கை கடைசியாத்தான் வரணும். பந்து இடுப்புக்குக் கீழ படணும். மட்டை கீழேருந்து மேல போகணும். தலைக்கு மேல ஓங்கி அடிச்சா செல்லாது."

"சரி."

"கோட்டை மிதிச்சிட்டீங்க. திரும்பப் போடுங்க. பந்து குறுக்கே எதிர்க் கட்டத்துக்குப் போகணும். வலையை ஒட்டி இருக்கு பாருங்க, கிச்சன்னு சொல்வோம், அதுல விழுந்தா போச்சு."

தினமும் விடிந்ததும் வந்துவிடுவார். ஒரு கூடைப் பந்தையும் அடித்துத் தீர்த்து, பொறுக்கிவந்து, மறுபடி அடிப்பார். சாப்பிட்டாரா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. சட்டை தொளதொளத்துப் போனது. மூன்றாவது வாரம் பந்து பின்பக்கக் கம்பிவேலியில் போய் அறையும் சத்தம் கேட்டு, முதல் மாடியில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்.

"பந்து தரையில படாம நேரா அவர் மேலேயே பட்டா?"

பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஜெஸிந்தா நிமிர்ந்தாள். "பாயிண்ட் உங்களுக்கு. விதிப்படி தப்பில்லை."

"அவரும் இதேதான் சொன்னார் மேடம். வனஜா காரியத்துக்கு வந்து, இலையில உக்காந்துகிட்டே சொன்னார். விதிப்படி எங்க பக்கம் தப்பில்லைன்னு."

ஜெஸிந்தா பொறுக்கிய பந்தை அவர் கையில் கொடுத்தாள்.

"தோள் இறுகுது சார். தளர்த்துங்க. இன்னொரு தடவை."

அங்கேயாவது அவள் பாடத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே அடுக்ககத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்த எனக்கு, அதற்காக இன்றும் அவள்மேல் கோபம் உண்டு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஜெஸிந்தாதான் நடுவர். மாசிலாமணி மூக்குக்கண்ணாடியோடு, பழக்கப்படி, பின்கோட்டுக்கு ஓர் அடி உள்ளேயே வந்து நின்றார்.

"ஜீரோ, ஜீரோ," என்றாள் ஜெஸிந்தா.

சடகோபன் மட்டையைத் தளர்வாகத்தான் பிடித்திருந்தார். கால், இடுப்பு, கை. கோட்டை மிதிக்கவில்லை. பந்து இடுப்புக்குக் கீழேதான் பட்டது. அவர் வாழ்நாளில் போட்ட மிகச் சிறந்த சர்வ் அதுதான்.

பந்து தரையைத் தொடவே இல்லை. மாசிலாமணி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. விரலிடுக்கில் ரத்தம் வந்தது. யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

"பாயிண்ட். ஒன்று, ஜீரோ."

ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லி மாசிலாமணியின் மனைவி கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. கைக்குட்டையைப் புருவத்தின் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த சர்வ் வர வேண்டிய கட்டத்துக்கு நடந்தார். கண்ணாடி இல்லாமல் எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"போடுங்க சடகோபன்," என்றார். "நான் நிக்கிறேன்."

சடகோபன் பந்தோடு ஜெஸிந்தாவிடம் வந்தார்.

"அடிச்சாச்சு மேடம்."

"பார்த்தேன்."

"ஒண்ணுமே ஆகலையே. எனக்கு அப்படியேதான் இருக்கு. இன்னிக்கு இது தீர்ந்துடும்னு நெனச்சேன்."

"ஆட்டம் பதினொண்ணுக்கு சார்," என்றாள் ஜெஸிந்தா. "ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. இன்னும் பத்து தடவை அவரை இப்படி அடிக்கணும். போய்ப் போடுங்க."