புனிதரின் அங்கி

குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் அங்கியையே கழற்றிக் கொடுத்த அந்தக் காலத்து ஆயர்தான் அந்த ஊர்க் கோயிலின் புனிதர். அவர் சுரூபத்துக்குச் சாத்தும் அங்கியை வருஷா வருஷம் வெளுப்பவள் சலேத்தம்மாள். ஆனால் திருவிழாவில் அவரைச் சுமந்து போகும் சப்பரம் அவள் தெருவுக்கு வந்ததே இல்லை. படுக்கையில் கிடக்கும் புருஷன் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று ஊர்த்தலைவர் ஞானாதிக்கத்திடம் கேட்டாள்.

“வர்றேன்னு புனிதரே சொல்லட்டும், அனுப்புறேன்” என்று சிரித்தார்.

திருவிழா அன்று அங்கி வரவில்லை. தலைவர் தெருமுனையில் நின்று கத்தினார். “அங்கி எங்கடி?”

“கொடியில கிடக்குய்யா. உள்ள வந்து எடுத்துக்கங்க.”

அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை, அன்றும் வைக்கவில்லை.

“அப்ப விடுங்க. ஏழைக்குக் கொடுத்தவர்தானே, இன்னொரு தடவை கொடுத்துட்டார்னு நினைச்சுக்கங்க.”

புனிதர் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போனார். அங்கியைப் புருஷனுக்குப் போர்த்திவிட்டாள் சலேத்தம்மாள்.

மறு வருஷம் அங்கி டவுன் லாண்டரிக்குப் போனது. சப்பரம் பழைய வழியிலேயே போனது.