எண்ணெய்க் குளியலில் ஒரு தணிக்கை

"தண்ணி எங்கேடா?"

காரைவனத்து ராஜா சிங்கமுத்து பூபதி போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. தலை நிறைய எண்ணெய். அதன்மேல் அப்பிய சீயக்காய். கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தாலும் பிரயோசனமில்லை, அண்டா காலி.

"அரண்மனை மடையை அடைச்சுப் பூட்டிட்டாங்க மகாராஜா" என்றான் காவலன்.

"எவன்?"

"புதுத் தணிக்கை அதிகாரி தேனப்பன்."

அவனை இழுத்து வந்தார்கள். தேனப்பனுக்கு வேலையில் அன்றுதான் முதல் நாள். ஊருக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா, அதற்கு வாங்கும் வரி நியாயமா என்று பார்த்து, கணக்கில் முத்திரை வைப்பது அவன் வேலை. பார்ப்பது இஷ்டம், முத்திரை வைப்பது கட்டாயம். காலையில் தண்ணீர் மந்திரி நாகலிங்க ராயர் அப்படித்தான் தொழில் கற்றுக்கொடுத்தார்.

"சட்டுனு முத்திரையைப் போடு தம்பி. இன்னிக்கு சனிக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சா ராஜாவுக்குத் தூக்கம் சொக்கும். அப்ப எதை நீட்டினாலும் 'சரி'ன்னுடுவார். தண்ணி வரி ரெண்டு மடங்கு! நாங்கெல்லாம் இப்படித்தான் முன்னுக்கு வந்தோம்."

"முத்திரை வைக்காட்டி?"

"உனக்கு முன்னாடி இருந்தவர் வைக்கலை. இப்ப யானைக் கொட்டடியில சாணி எண்ணுறார்."

எவ்வளவு அருமையான பயிற்சி! தேனப்பன் ஊருக்குள் ஒரு நடை போய்ப் பார்த்தான். தெருத்தொட்டிகளில் ஆடுகள் சுகமாகப் படுத்திருந்தன. ஊர்க் கால்வாய்த் தண்ணீர் மொத்தமும் ராயருடைய கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தது. காலிக் குடத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "வரி கேக்க வந்தியா?"

"இல்லக்கா, பாக்க வந்தேன்."

"நல்லாப் பாரு. நாளைக்குப் பாக்குறதுக்கும் வரி போடுவாங்க."

ராஜாவிடம் சொல்லலாம். ஆனால் அரண்மனைக்குத் தனி மடை. தாகம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷனிடம் எதைச் சொல்ல? அதனால்தான் பூட்டினான்.

"இவன் தலையை வாங்கணும் மகாராஜா!" குளியலறைக்கு ஓடிவந்த ராயர் குதித்தார்.

"வாங்கலாம். அதுக்கு முன்னாடி, தண்ணி வரியை ரெண்டு மடங்காக்க ராயர் கணக்கில் என்ன எழுதியிருக்கார்னு அவரையே சொல்லச் சொல்லுங்க" என்றான் தேனப்பன்.

ராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஊர்க் கால்வாயில் இரவு பகலாகத் தண்ணீர் ஓடுகிறது. கரையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது."

"அரண்மனையும் அதே கரையில்தானே இருக்கு? அவ்வளவு தண்ணி ஓடும்போது எதுக்குத் தனி மடை, தனிக் காவல், தனிச் செலவு? வீண் செலவைக் குறைக்கிறதுதான் தணிக்கை. குறைச்சுட்டேன். கால்வாய்லேர்ந்து மொண்டு ஊத்தச் சொல்லுங்க மகாராஜா."

ராஜாவுக்குக் கண் எரிந்தது. "நியாயம்தான். ராயரே, ஒரு குடம் மொண்டு வாரும்."

ராயர் காலிக் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ராயரே!"

"மகாராஜா... இன்னிக்குக் காத்து கொஞ்சம் சரியில்ல..."

"காத்தையா கேட்டேன்? தண்ணி இருக்கா, இல்லையா? இருந்தா ஊத்தும். இல்லைன்னா எதுக்கய்யா எழுதினீர்?"

"இருக்கு மகாராஜா. கொஞ்சம்... கரும்புப் பக்கமா இருக்கு."

ராஜா குபீரென்று சிரித்தார். சீயக்காய் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"வரி உசத்துற பேச்சே கூடாது. ராயரே, உம்ம பதவி போச்சு. தேனப்பா, வேலை உனக்கு நிரந்தரம். ஒரு ஜோடி பொன் கடகமும் உனக்குத்தான். இப்ப ஓடிப்போய் முதல்ல என் மடையைத் திற. ஊர்க் கால்வாயை அப்புறம் பாத்துக்கலாம்."

"உத்தரவு மகாராஜா!"

பணிவாகக் கும்பிட்டுவிட்டுத் தேனப்பன் வெளியே வந்தான். அரண்மனை மடை இடப்பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் சாவி அவன் இடுப்பில் இருந்தது. காவலனிடம் ஒரு மண்வெட்டியைக் கேட்டு வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பி, கரும்புத் தோட்டத்தைப் பார்த்து நடந்தான்.