கரையில் கிடந்து கூப்பிட்டது

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சிறிய மடம். அதில் உலகம்மை என்ற துறவி இருந்தார். அவருடைய சீடர் சிதம்பரதாணு, கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவிட்டு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, மீனவக் குப்பத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

"அம்மை, திமிங்கிலம் கூட்டமா கரையேறுது. ஆள் போதலை. வாங்க."

இருவரும் போனார்கள்.

கடல் வளைந்து உள்ளே வரும் இடத்தில் கருத்த உடல்கள் மணலில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வள்ளத்தின் நீளம். இருபதுக்கு மேல் இருக்கும். ஊரே இடுப்பளவு நீரில் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. தாணுவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஐந்தாறு பேர் தோள் கொடுத்தால் ஒன்று நகர்ந்தது. ஆழம் கிடைத்ததும் வாலை அடித்து நீந்தியது. பெண்கள் கைதட்டினார்கள். கொஞ்ச தூரம் போன திமிங்கிலம் திரும்பியது. நேராக வந்து மறுபடியும் மணலில் ஏறியது.

தாணு திகைத்து நின்றார். பக்கத்தில் நின்ற மீனவர் சிலுவை சொன்னார்:

"எங்கப்பா காலத்துலயும் இதே வளைவுலதான் ஏறிச்சு சார்."

தாணு விளக்கினார்: "இங்க கடலடித் தரை ரொம்ப மெதுவா சரியுது. அதுங்க சத்தம் குடுத்து, எதிரொலியை வச்சு வழி பாக்கும். இந்த மாதிரி இடத்துல எதிரொலி சரியா வராது. அதான் வழி தப்பிருச்சு."

"வழி தப்பினது சரி. இப்ப நாம வழி காட்டி விட்டாச்சே. பிறகு ஏன் வருது?"

சிலுவை கையை நீட்டிக் காட்டினார். எல்லாவற்றிலும் பெரிய திமிங்கிலம் ஒன்று மேட்டில் தனியாகக் கிடந்தது. அதனிடமிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று விட்டுவிட்டு வந்தது.

"அது கூப்பிடுது சார். அது கூப்பிடுற வரைக்கும் இதுங்க போகாது."

அதன் வாலில் கயிறு கட்டிப் படகால் இழுத்துப் பார்த்தார்கள். கயிறு சதையை அறுத்தது. தண்ணீர் சிவந்தது. இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வெயில் ஏறியது. உலகம்மை அந்தப் பெரிய திமிங்கிலத்தின் அருகில் உட்கார்ந்து, குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தாணு அவரிடம் வந்தார்.

"அம்மை, இது பிழைக்காது."

"பிழைக்காது."

"இது அடங்கிட்டா மத்ததெல்லாம் போயிரும்."

"போகலாம்."

"அப்ப இதைக் கொன்னுட்டா என்ன? ஒண்ணு போனா இருபது பிழைக்கும். அது தப்பா?"

உலகம்மை குடத்தைக் கீழே வைத்தார். சிலுவையிடம் சுறா அறுக்கும் நீளக் கத்தியைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு தாணுவிடம் நீட்டினார்.

"எங்க குத்தணும்னு சிலுவை சொல்லுவார்."

தாணு மண்டியிட்டார். சிலுவை காட்டிய இடத்தில் இடது கையை வைத்தார். தோல் சூடாக இருந்தது. அதற்கு அடியில் ஏதோ துடித்தது. திமிங்கிலம் மூச்சு விட்டது. அந்த ஈரம் அவர் முகத்தில் பட்டது. அதன் கண் மெல்லத் திரும்பி அவர்மேல் நின்றது.

பிறகு கத்தியை மணலில் வைத்தார்.

"என்னால முடியலை அம்மை."

உலகம்மை கத்தியை எடுத்துச் சிலுவையிடம் கொடுத்தார். குடத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்.

சாயங்காலம் வரை அது கூப்பிட்டது. தள்ளிவிடத் தள்ளிவிட மற்றவை வந்தன. ஒருவழியாகச் சீழ்க்கை நின்றது. ஊர் மறுபடியும் நீரில் இறங்கியது. இந்த முறை போனவை திரும்பவில்லை.

ஆனால் நான்கு திமிங்கிலங்கள் அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தன. அவற்றில் ஒன்று குட்டி.

எல்லாவற்றையும் புதைத்தார்கள். ஊரார் வீட்டுக்குப் போனார்கள். தாணு மண்மேட்டின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். உலகம்மையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் குத்தியிருந்தா அந்த நாலும் பிழைச்சிருக்கும்."

"பிழைச்சிருக்கலாம்."

"அப்ப அது இரக்கம்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, பயந்துபோய்த்தான் விட்டேனோன்னு தோணுது."

உலகம்மை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுன்னு நீங்களாவது சொல்லுங்க அம்மை. இரக்கமா? பயமா?"

அலை ஒன்று வந்து போனது. உலகம்மை தம் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"அதைக் கொன்னுட்டா என்னன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எனக்கும் அந்த யோசனை வந்தது, தாணு. கத்தி முதல்ல என் கையிலதான் இருந்தது."