மூன்றாவது முடிச்சு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனசு எந்த நேரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது. காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான், மத்தியானம் அதே ஆளைப் பல்லக்குத் தூக்க வைப்பான். கல்யாணச் சாப்பாடு என்றால் அவனுக்கு உயிர். அதற்காகவே அவையில் இருப்பவர்கள் வீட்டுக் கல்யாணமெல்லாம் அரண்மனை மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தான்.

அன்று சடாதரராயருக்குக் கல்யாணம். ராஜாவின் செல்லப்பிள்ளை அவர். ராஜா வேறு யாரையாவது புகழ்ந்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பெண், தளபதியின் மகள் அமுதவல்லி.

மேளம் கொட்டத் தொடங்கிய நேரத்தில் கோட்டை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பேர் காத்தாயி. கோரைப்பாய் நெய்து பிழைக்கிறவள். விரலெல்லாம் காய்த்துப்போயிருந்தது. தோளில் ஒரு புதுப் பாய்.

"மாப்பிள்ளைக்கு அக்கா நான். சடையன் அவசரத்துல எனக்குச் சொல்லி அனுப்ப மறந்துட்டான்" என்றாள் காவலர்களிடம்.

அந்த நாட்டு வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடலாம். அடுத்த இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் காத்தாயி இருபத்து நாலு வருஷம் காத்திருந்தாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "தம்பி சின்னவன்" என்று திருப்பி அனுப்பிய மகராசி அவள். சந்தையில் யாரோ சொல்லித் தம்பி கல்யாணத்தைத் தெரிந்துகொண்டு, மூன்று நாள் நடந்து வந்திருந்தாள்.

காவலர்கள் அவளைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். மணமேடையில் இருந்தவனைப் பார்த்ததும் காத்தாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சடையா! எவ்வளவு வளர்ந்துட்டடா!"

ராயர் புருவத்தைக்கூட அசைக்கவில்லை. "மகாராஜா, இந்த அம்மாள் யாரென்றே எனக்குத் தெரியாது. என் தகப்பனாருக்கு நான் ஒரே பிள்ளை. முடிச்சுப் போட மந்திரியின் தங்கை சம்மதித்திருக்கிறார்."

காத்தாயிக்குக் காது அடைத்தது. மேளச் சத்தமே கேட்கவில்லை.

ராஜாவுக்கோ பாயசம் தாமதமாகிறதே என்ற கோபம். "ஏ பெண்ணே! என் அவையில் பொய் உறவு கொண்டாடுகிறவர்களுக்குக் கழுதை மேல் ஊர்வலம், தெரியுமா? பாயசம் இறக்குவதற்குள் நிரூபித்துவிடு."

"முதுகுல ஒரு மச்சம் இருக்கு மகாராஜா, சொல்லட்டுமா?"

"ஆற்றில் குளிக்கும்போது யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்" என்றார் ராயர் சட்டென்று.

பதிலைக்கூடத் தயாராக வைத்திருக்கிறானே என்று நினைத்தபோதுதான் காத்தாயிக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி மகாராஜா, இவரு என் தம்பி இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு நானே கழுதை மேல ஏறிக்கிறேன். இவரோட அப்பா யாரு?"

ராயர் மார்பை நிமிர்த்தினார். "மதயானையிடமிருந்து பெரிய ராஜாவைக் காப்பாற்றி உயிர்விட்ட முத்திருளன்! அதற்காகத்தானே மகாராஜா எனக்கு இந்த ஆசனத்தையே தந்தார்!"

"அந்த யானைக்கு மதம் பிடிச்ச அன்னிக்கு, ஒரு சின்ன இளவரசர் புளியமரத்து உச்சியில ஏறிக்கிட்டு இறங்க மாட்டேன்னு அழுதாரு. பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி நுங்கைக் காட்டி அவரை இறக்கினா. அப்போ அவரு வேட்டி நனைஞ்சு..."

"போதும்! போதும்!" ராஜா துள்ளி எழுந்தான். கிரீடம் சரிந்தது. "அதெல்லாம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். முத்திருளன் மகள்! தகப்பன் செத்துக் கிடக்கிறான், இடுப்பில் கைக்குழந்தை, அந்த நிலையிலும் எனக்குச் சமாதானம் சொன்னாயே! என்ன வேண்டும் என்று என் அப்பா கேட்டபோது, தம்பிக்குப் பால் கொடுக்க ஒரு பசு போதும் என்றாயே! பாயச ஞாபகத்தில் உன்னை மறந்தேபோனேனே!"

"நான் யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி கணக்கு சுலபம்" என்றாள் காத்தாயி. "இவரு முத்திருளன் மகன்னா, நான் இவருக்கு அக்கா, அப்போ இவர் சபையில சொன்னது பொய். நான் அக்கா இல்லைன்னா, இவரு முத்திருளன் மகனே இல்ல, அப்போ உட்கார்ந்திருக்கிற ஆசனமே பொய். எந்தப் பொய் வேணும்னு அவரையே கேளுங்க."

அவை சிரிப்பில் அதிர்ந்தது.

அமுதவல்லி மாலையைக் கழற்றி வைத்தாள். "வளர்த்தவளையே தெரியாது என்றவர் நாளைக்கு என்னையும் தெரியாது என்பார். எனக்கு இந்தத் தாலி வேண்டாம் அப்பா."

"கொண்டு வாருங்கள் கழுதையை!" என்று கத்தினான் ராஜா.

"அது மட்டும் வேண்டாம் மகாராஜா" என்றாள் காத்தாயி. "அஞ்சு வயசுல இவரை ஒரு கழுதை உதைச்சுக் கால் முறிஞ்சு, ஆறு மாசம் நான்தான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். கழுதையைக் கண்டாலே நடுங்குவாரு."

"இவ்வளவுக்குப் பிறகுமா பாசம்?"

"காலையில வாசல்ல நின்னப்போ இருந்துச்சு. இப்போ தேடிப் பார்க்கிறேன், கிடைக்கல. இது வெறும் பழக்கம் மகாராஜா."

ராஜா பாயசத்தைக்கூட மறந்துவிட்டான். பிறகு சொன்னான்: "ராயரின் ஆசனத்தைத் தூக்கி எறியுங்கள். அந்த இடத்தில் இவள் பாயை விரியுங்கள். இன்றுமுதல் இந்த நாட்டில் உறவுக்குள் வரும் வழக்கையெல்லாம் இவள்தான் தீர்ப்பாள்."

தம்பியின் கல்யாணத்துக்கென்று நெய்த பாயில் காத்தாயி உட்கார்ந்தாள். சடாதரராயர், அதாவது நம் சடையன், ஓடிவந்து அவள் காலில் விழுந்தான். "அக்கா! மன்னிச்சிடு அக்கா!"

பால் ஊட்டிய நாள் முதல் 'டா' போட்டே அவனைக் கூப்பிட்டவள், கால்களை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க ஐயா. பார்க்கிறவங்க, நீங்க என் தம்பின்னு நினைச்சுடப் போறாங்க."